மேல் பாதிக்கு முக்கால் மணி நேரம்

போன மாதம் என் பேத்தி இணையத்தில் ஒரு கேக் அச்சு வாங்கினாள். ரப்பர் போல வளைகிற அச்சு, இரண்டு பாதிகளாக. ஒரு பாதியில் மாவை ஊற்றிச் சுட்டால் மடிப்பு வைத்த காகிதக் கிண்ணம் போல அடித்துண்டு வரும். மற்றதில் சுட்டால் அதன்மேல் சுருண்டு நிற்கும் கிரீம் போல ஒரு தலை வரும். ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் பேக்கரியில் விற்கும் கப் கேக்தான், ஆனால் இருபது பேர் சாப்பிடலாம்.

“இந்த மாதிரி நீங்க பார்த்தே இருக்க மாட்டீங்க தாத்தா.”

அறுபது வருடங்களுக்கு முன்பே நம் வீட்டில் ஒன்று இருந்தது என்றேன். “ரீல் விடாதீங்க,” என்று சிரித்துவிட்டு, அச்சோடு வந்த தாளைப் படித்தாள். “மேல் பாதி சீக்கிரம் வெந்துடுமாம். அதை முதல்ல வெளிய எடுத்துடணுமாம்.”

எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். எப்படித் தெரியும் என்று கேட்பாளே என்று பேசாமல் இருந்துவிட்டேன். கேட்டிருந்தால் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா கோலார் தங்கவயலில் இரண்டாவது திருமணம் செய்துகொண்டு, விவேக் நகரில் கிறிஸ்தவக் கோயிலுக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டுக்குச் சித்தியை அழைத்து வந்தார். சித்தி சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள். கொண்டுவந்தவை ஒரு தையல் இயந்திரம், இரண்டு பித்தளைக் குடங்கள், அப்புறம் அந்த அச்சு. சாக்கில் சுற்றி, யாரையும் தூக்கவிடாமல், ரயிலில் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம்.

தகரத்தில் செய்தது. சுரங்கத்துப் பட்டறையில் வேலை பார்த்த அவருடைய அண்ணன் டீ குடிக்க விடும் நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி உருவாக்கியது. மாவு ஊற்றினால் சாயாமல் நிற்க மேல் பாதிக்கு மூன்று கால்கள்கூட வைத்திருந்தார். சின்ன வயதில் அவர்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு கப் கேக் வாங்குவார்களாம். நூல் பிடித்து ஐந்தாக அறுப்பார்களாம். கடைசிப் பெண்ணான சித்திக்குப் பெரும்பாலும் காகிதத்தில் ஒட்டிய துணுக்குதான் கிடைக்குமாம். உன் கல்யாணத்துக்கு ஊருக்கே போதுகிற மாதிரி ஒன்று செய்து தருகிறேன் என்று அண்ணன் சொல்லியிருந்தார், செய்தும் கொடுத்துவிட்டார். அப்பா இந்தக் கதையை ஆசையாகக் கேட்டார். நான் கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

சித்தி என்னை அடித்ததில்லை, திட்டியதும் இல்லை. அதனால் வெறுப்பதற்கு நானே காரணம் தேட வேண்டியிருந்தது. அம்மா கேக் சுடும் வட்டத் தட்டில் அவர் ஒருநாள் பருப்பைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அவரை நான் சித்தி என்றுகூடக் கூப்பிடவில்லை. வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வேன்.

அந்த வருடம் எனக்குப் புதுநன்மை. கோயிலில் முதல் முறையாக நற்கருணை வாங்கும் ஞாயிற்றுக்கிழமை. சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வருவார்கள். அடுகோடியிலிருந்து அப்பாவின் அக்காவும் வருவதாக இருந்தது. அத்தைக்கு இந்தத் திருமணத்தில் விருப்பமில்லை. என் அம்மாவுக்கும் அவருக்கும் அப்படி ஒரு சிநேகம். ஆறு மாதமாக எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. முந்தின வாரம் கோயில் வாசலில் என்னைப் பிடித்து நிறுத்தினார்.

“உங்கம்மா சுடற கேக்கு மாதிரி இந்த ஊர்ல எவளும் சுட முடியாதுடா. இவ என்னத்தக் கிழிக்கிறான்னு பார்க்கத்தான் வர்றேன்.”

அன்றைய கேக்கை அந்தப் பெரிய அச்சில் செய்வது என்று சித்தி முடிவெடுத்தார். அத்தை ஒரு துண்டை வாயில் போட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும், இந்த வீட்டில் தனக்கும் ஓர் இடம் கிடைத்துவிடும் என்று அவர் நம்பியது ஒன்பது வயதுப் பையனான எனக்கே தெரிந்தது. தெரிந்ததால்தான் அதைச் செய்தேன்.

அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் கேக் சுடும் அடுப்பு கிடையாது. மாவை வீட்டில் கலந்து தட்டில் ஊற்றி, தெருமுனை பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போவோம். காலையில் ரொட்டி சுட்டு முடிந்தபின் விறகடுப்பில் மிச்சமிருக்கும் சூட்டில் வைத்துக் கொடுப்பார்கள். தட்டின் பக்கவாட்டில் மைதாப் பசையால் ஒரு சீட்டு ஒட்டுவது வழக்கம். வீட்டுக்காரர் பெயரும், எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்பதும் அதில் இருக்கும். கேக் வெளியே வரும்போது சீட்டும் பழுப்பாக வெந்திருக்கும்.

சனிக்கிழமை காலை சித்தி எழுதி மேல் பாதியில் ஒட்டிய சீட்டு எனக்கு மனப்பாடம்: ‘மேல் பாதிக்கு முக்கால் மணி நேரம். அடிப் பாதிக்கு ஒன்றரை மணி.’ என் புதுநன்மைச் சட்டைக்குக் காலர் தைக்க வேண்டியிருந்ததால் அவர் கூட வரவில்லை. “வாயாலயும் ஒரு தடவ சொல்லிடுப்பா,” என்று மட்டும் சொன்னார்.

அடிப் பாதியை முதலில் கொண்டுபோய் வைத்தேன். இரண்டாவது நடையில் மேல் பாதியைத் தூக்கிக்கொண்டு போகும்போது பசை ஈரமாக இருந்தது. சீட்டு விரலில் தட்டுப்பட்டது. இழுத்தேன். கிழியாமல் முழுசாக வந்தது. மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பேக்கரி பாய் குனிந்து அச்சைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “அரே தம்பி, இது கேக்கு தட்டா, மைசூர் மகாராஜா தலப்பாவா?” தட்டு கொண்டுவந்திருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். “டைம் ஒண்ணும் எழுதலியே. ரெண்டும் ஒரே டைமா?”

“ஒரே டைம்தான் பாய். ஒன்றரை மணி.”

“உங்கம்மா சொன்னாங்களா?”

“சொன்னாங்க,” என்றேன். யாரோ அவரை என் அம்மா என்று சொல்லி நான் மறுக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

மதியம் வாங்கப் போனபோது அடிப் பாதி பொன்னிறமாக இருந்தது. மேல் பாதி அடுப்புக்கரி. பாய் முகம் வாடி, “கொஞ்சம் ஜாஸ்தி ஆயிடுச்சுப்பா,” என்று இரண்டு பன் ரொட்டிகளைச் சும்மா கொடுத்தார். வீட்டில் சித்தி அச்சிலிருந்து கேக்கின் தலையைத் தட்டில் கவிழ்த்து, கரியை விரலால் தட்டிப் பார்த்தார்.

“சீட்டு இருந்துச்சாப்பா?”

“தெரியாது.”

அதற்கு மேல் கேட்கவில்லை. தேங்காய்த் துருவியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து கரியைச் சுரண்ட ஆரம்பித்தார். நாலு மணிக்குக் கோயிலில் எங்களுக்கு முதல் பாவசங்கீர்த்தனம், செய்த பாவங்களைக் குருவானவரிடம் சொல்ல வேண்டும். சட்டையெல்லாம் மாவாக இருக்கிறது, கழற்றிப் போட்டுவிட்டுக் குளி என்றார். குளித்துக்கொண்டிருக்கும்போதுதான் சட்டைப் பை ஞாபகம் வந்தது. துண்டோடு பின்கட்டுக்கு ஓடினேன். சட்டை துவைக்கப்பட்டுக் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. பைக்குள் கையை விட்டேன். ஒன்றுமில்லை. தண்ணீரில் கரைந்துவிட்டது என்று முடிவு செய்து குழந்தை இயேசுவுக்கு நன்றி சொன்னேன்.

குருவானவரிடம் கொய்யா திருடியதைச் சொன்னேன், பூசை நேரத்தில் பேசியதைச் சொன்னேன், நாயைக் கல்லால் அடித்ததைக்கூடச் சொன்னேன். கரைந்துபோன பாவத்தை எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். மேசை நடுவில் கேக் நின்றது. தலை சுரண்டிச் சுரண்டிச் சிறுத்துப்போயிருந்தாலும், அதைச் சுற்றி இளஞ்சிவப்பு ஐசிங் கொஞ்சம் கோணலாகச் சுருண்டு ஏற, உச்சியில் ஒரு ரோஜாப்பூ இருந்தது. பிள்ளைகள் வாய் பிளந்தார்கள். அத்தைகூடக் கிட்டே வந்து பார்த்தார். பிறகு தட்டை நீட்டினார். “எனக்கு அந்தப் பூ இருக்கற பக்கம் குடு.”

“அடிப்பக்கம் மெத்துனு இருக்கும் அண்ணி, அதத் தர்றேனே.”

“ஏன், தலைப்பக்கம் உங்க தங்கவயல் ஆளுங்களுக்கா?”

சித்தி வெட்டிக் கொடுத்தார். அத்தை மென்றார், நிறுத்தினார், மறுபடி மென்றார். “கரி நாத்தம் அடிக்குது. ஏம்மா, உங்க ஊர்ல கேக்கையும் சுரங்கத்துக்குள்ள எறக்கித்தான் சுடுவீங்களா?”

வீடே சிரித்தது. அப்பா தன் தட்டைப் பார்த்துக்கொண்டு, “பாய் எப்பவும் நல்லாத்தானே சுடுவாரு,” என்றார்.

“அவர் மேல தப்பு இல்லீங்க. நேரம் எழுதின சீட்ட நான்தான் ஒட்ட மறந்துட்டேன்.”

“இவன்கிட்டயாவது சொல்லி அனுப்பியிருக்கலாமே?” என்று அத்தை என்னைக் காட்டினார்.

“சொல்லல,” என்றார் சித்தி. என் பக்கம் திரும்பவே இல்லை. அடிப் பாதியின் நடுவிலிருந்து ஒரு துண்டை அறுத்து என் தட்டில் வைத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போனார்.

என்னிடம் சொன்னதே அவருக்கு ஞாபகமில்லை, எவ்வளவு மறதி என்று நான் வியந்தேன். தப்பித்ததில் கேக் இன்னும் இனித்தது.

‘சுரங்கக் கேக்’ என்ற பெயர் எங்கள் சொந்தத்தில் பல வருடம் ஓடியது. கல்யாண வீடுகளில் சித்தி சமையல்கட்டுப் பக்கம் போனால் யாராவது அதைச் சொல்வார்கள். அவரும் கூடச் சிரிப்பார். அச்சு பரணுக்குப் போனது. அதை அவர் மறுபடி இறக்கவே இல்லை, அங்கேயே துருப்பிடித்தது. அந்தத் தையல் இயந்திரத்தை மிதித்துத்தான் அவர் என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தார். நான் இன்று இப்படி உட்கார்ந்து எழுதுவதே அவர் போட்ட சோறு. எந்த வருடத்திலிருந்து அவரை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தேன் என்பது எனக்கு நினைவில்லை. கவனித்ததாக அவரும் காட்டிக்கொள்ளவில்லை.

எனக்குத் திருமணமான புதிதில் ஒருநாள் என் மனைவி துணி துவைத்துவிட்டுக் கத்தினாள். என் சட்டைப் பையில் ஒரு பஸ் டிக்கெட் இருந்திருக்கிறது. வாளியில் இருந்த அத்தனை துணியிலும் வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள். “பைய ஒரு தடவ பார்த்துட்டுப் போட்டா என்ன?” என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு துணுக்கைக் கையில் எடுத்துப் பார்த்தேன். காகிதம் கரைவதில்லை. அதுவும் பசை தடவி, நாலாக மடித்த சீட்டு. அன்றைக்கு என் பை சுத்தமாக இருந்தது.

பக்கத்து அறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. போய் வாசலில் நின்றேன். சித்தி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “என்னப்பா, காபி வேணுமா?”

“ஆமாம்மா,” என்றேன். போட்டுக் கொடுத்தார், குடித்தேன். அதன் பிறகு இருபது வருடத்துக்கு மேல் அவர் எங்களோடு இருந்தார். ஒருநாளும் நான் கேட்கவில்லை. குருவானவரிடம் எப்போதோ சொல்லி மன்னிப்பு வாங்கிவிட்டேன். கேட்டிருக்க வேண்டியவரிடம் காபிதான் கேட்டேன்.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பாவசங்கீர்த்தனம் முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது, சித்தி கரி சுரண்டிய தலையை அடித்துண்டின் மேல் வைத்து, ஐசிங் அரைத்து, எண்ணெய்த் தாளைக் கூம்பாகச் சுருட்டி நிரப்பி வைத்திருந்தார். கூம்பை என்னிடம் நீட்டினார். “உன் புதுநன்மை கேக்கு. நீ சுத்து.”

வாங்கி அழுத்தினேன். கோடு கோணியது.

“கோணினா கோணட்டும், நிறுத்தாம போ. தட்ட நான் திருப்பறேன்.”

நான் அழுத்திக்கொண்டே போனேன், அவர் தட்டைத் திருப்பிக்கொண்டே இருந்தார். அவருடைய விரல்கள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன, சவுக்கார வாசனை அடித்தது. என் சட்டையைத் துவைத்த கை என்பது மட்டும்தான் அப்போது எனக்குத் தெரிந்தது.