அப்பான்ர நாடு

டென்மார்க்கிலிருந்து சித்தப்பாவின் மகன் இலங்கை அணிக்குக் கால்பந்து விளையாட வருகிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தலை சுற்றத் தொடங்கியது. அப்போது நான் சின்னப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை நிறத்துக்கு ஓர் இல்லமாகப் பிரித்து வைக்கும் விளையாட்டுப் போட்டியில் நான் நீல இல்லம். போன வருடம் சிவப்புக்கு ஓடிய பிள்ளை இந்த வருடம் நீலத்துக்கு ஓடினால் எங்கள் ஆசிரியர் காதைத் திருகிவிடுவார். வரப்போகிற அந்த அண்ணாவோ சிறு வயதில் டென்மார்க்கின் சிறுவர் அணிக்கு ஆடியவர். அவருடைய அம்மா அந்த நாட்டு வெள்ளைக்காரி. அப்படியென்றால் அவர் எந்த இல்லம் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"ரெண்டும்தான் பிள்ள. போய்ப் படி."

அம்மாவுக்கும் தெரியவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

அங்கே அண்ணா சம்பளத்துக்கு விளையாடுகிறவர் என்று அப்பா வங்காலைச் சந்தை வரைக்கும் சொல்லித் திரிந்தார். நானும் என் பங்குக்கு வகுப்பில் அளந்தேன். ஒரு பொடியன் வீட்டில் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு வந்து, முழங்கால் அடிபட்ட பிறகு உன் அண்ணா பெரும்பாலும் ஆடாமல் களத்துக்கு வெளியே வாங்கில்தான் குந்தியிருக்கிறார் என்று எல்லோர் முன்னாலும் மானத்தைக் கப்பலேற்றினான். வாங்கில் இருப்பதற்கும் சம்பளம் கொடுக்கிற நாட்டை விட்டு ஏன் வருகிறார் என்பது அடுத்த குழப்பம். இங்கே ஆடத் தொடங்கினால் அந்த நாட்டு அணிக்குப் பிறகு திரும்பவே முடியாது என்று அப்பா வேறு சொன்னார். சொல்லும்போது குரலில் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது.

கொழும்பில் பயிற்சி முடித்து, எங்கள் மாதா கோயில் திருநாளுக்குச் சித்தப்பாவோடு அண்ணா வந்து இறங்கினார். வாசல் நிறைய ஆட்கள். நண்டுக் கறியை அவர் முள்ளுக்கரண்டியால் குத்திக் குத்தித் தோற்றுப்போனதை ஊரே நின்று பார்த்தது. சாப்பிட்டு முடிந்ததும் பையிலிருந்து இலங்கை ஜேர்சியை எடுத்து விரித்தார். நெஞ்சில் கொடி, முதுகில் எங்கள் அப்பப்பாவின் பெயர். அதைச் சித்தப்பாவிடம் காட்டி, பாடமாக்கி வைத்திருந்த தமிழில் சொன்னார்:

"அப்பான்ர நாடு. அப்பாவுக்கு."

எல்லோரும் கை தட்டினார்கள். சித்தப்பா சிரித்தார். பிறகு சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது அப்பாவுக்கும் அவருக்கும் நடுவில் பிறந்த சகோதரனின் படம். அதற்கு மாலை போடுவதில்லை. அவர் காணாமல் போனவர் என்று மட்டுமே எனக்குச் சொல்லியிருந்தார்கள். மடு மாதா திருநாளில் நானும் ஒருமுறை காணாமல் போய், ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கண்டுபிடிக்கப்பட்டவள். ஏன் இவரையும் அப்படிக் கூப்பிடவில்லை என்று நினைத்திருக்கிறேன். அதே கொடி பறந்த சோதனைச் சாவடியில் சீருடைக்காரர்கள் அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கி எடுத்ததும், கூடப் போன சித்தப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்ததும், அந்தக் கிழமையே சித்தப்பா படகேறி இராமேஸ்வரம் போய், அங்கிருந்து எங்கெங்கோ அலைந்து டென்மார்க் சேர்ந்ததும் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டவை. அண்ணாவுக்கும் அவற்றை யாரும் சொல்லியிருக்கவில்லை.

எங்கள் ஊரில் திருநாள் பந்தாட்டத்துக்கு முதல்நாள் மாலைப் பூசையில், பங்கு அணியின் ஜேர்சிகளை மடித்துப் பீடத்துப் படியில் வைப்பார்கள். பங்குச் சுவாமி தீர்த்தம் தெளித்ததும் தகப்பன்மார் ஒவ்வொருவராக வந்து தங்கள் மகனுடையதை எடுத்து அவன் கையில் கொடுப்பார்கள். தகப்பன் இறந்துபோன பொடியன்களுக்கு மட்டும் பெரியப்பாவோ ஞானத்தகப்பனோ கொடுப்பார். அம்மாவுக்குச் சந்தோசத்தில் கால் தரையில் பாவவில்லை. அண்ணாவின் இலங்கை ஜேர்சியையும் இஸ்திரிப் பெட்டியால் மினுக்கி மடித்துக் கொண்டுபோய் அந்த வரிசையில் வைத்துவிட்டார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

படியில் கடைசியாக அது மட்டும் மிஞ்சியது. அண்ணா முன்னால் நின்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தார். சித்தப்பா எங்கள் வாங்கின் ஓரத்தில் தரையைப் பார்த்தபடி இருந்தார்.

"தம்பி, எழும்புங்கோ. பிள்ள பாத்துக்கொண்டு நிக்குது," என்று அம்மா கிசுகிசுத்தார்.

"ஏலாது அண்ணி. அந்தக் கொடி போட்ட சட்டையை என்ர கையால எடுத்து அவனுக்குக் குடுக்க ஏலாது."

அப்படியென்றால் சித்தப்பா டென்மார்க் இல்லம், அதுதான் கோபம் என்று நான் கணக்குப் போட்டேன். அண்ணாவின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. சுவாமி எங்கள் பக்கம் பார்த்தார். கடைசியில் அப்பா எழுந்து பீடத்தை நோக்கி நடந்தார். யாராவது கொடுத்தால் சரி என்று எனக்கு நிம்மதி. ஆனால் கோயில் முழுக்க ஒரு சலசலப்பு.

"அண்ணை, நில்லுங்கோ," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "நான் உயிரோடதான் இருக்கிறன்."

சித்தப்பா அப்பாவைத் தாண்டிப் போனார். ஜேர்சியை எடுத்தார். கொடி உள்ளே போகும்படி திருப்பி மடித்து, அப்பப்பாவின் பெயர் மட்டும் மேலே தெரிய அண்ணாவின் கையில் வைத்தார். அண்ணா அவரைக் கட்டிப்பிடித்தார். சித்தப்பாவின் தோள் குலுங்கியது. ஆனந்தக் கண்ணீர் என்று பின் வாங்கில் யாரோ சொன்னார்கள். நானும் வீட்டில் எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

சித்தப்பா டென்மார்க் திரும்பிய பிறகு அண்ணாவின் முதல் ஆட்டம் வந்தது. வாங்கில் இல்லை, தொடக்கத்திலேயே களத்தில். எங்கள் வீட்டு டிவியின் முன்னால் பாதி ஊர். சித்தப்பாவுக்கு அங்கே அந்தச் சானல் இல்லை. ஆகவே வீடியோ அழைப்பில் அவரை எடுத்து, கைபேசியை டிவிக்கு நேரே பிடித்துக்கொண்டிருப்பது என் பொறுப்பு. அணிகள் வரிசையில் நின்றன. அண்ணா நெஞ்சில் கை வைத்தார். "அந்தா, என்ர மகன்!" என்று சித்தப்பா கத்தினார். தேசிய கீதம் தொடங்கியது. கைபேசித் திரை இருண்டது.

சித்தப்பாவே தன் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்திருக்கிறார் என்பது விளங்க எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. அன்று எனக்கு வந்தது பதற்றம் மட்டும்தான். "லைன் கட்டாப் போட்டுது! சித்தப்பா அண்ணாவைப் பாக்கேலாமப் போகப்போகுது!" என்று கத்தி, அழைப்பைத் துண்டித்து, அந்தப் பாட்டு முடியும்வரை அவரை விடாமல் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.