சோத்தாங்கைப் பக்கம்

கல்லூரியில் ஒரு வருடம் ஆய்வுக்கூடத்து எலிகளோடு இருந்தேன். மூளையின் நடுவே இருக்கும் தலாமஸின் முன்பகுதி சேதமான எலிகள். கூட்டல் குறி வடிவப் பாதையில் தீனி இருக்கும் இடம் அவற்றின் நினைவில் நிற்காது. ஆனால் வலப்பக்கம் திரும்பினால் தீனி என்பது பழகிவிடும். எதிர்முனையிலிருந்து விட்டாலும் வலப்பக்கமே திரும்பி, வெறும் மூலையில் போய் நிற்கும்.

போன வருடம் என் மாமனாருக்கு லேசான பக்கவாதம் வந்தது. கை கால் தப்பின. அடிபட்டது தலாமஸ் என்றார் டாக்டர். எங்கள் ஊர் வாழவந்தியின் பழைய வழியெல்லாம் மாமாவுக்கு அத்துப்படி. புதிதாகத் திறந்த பால்வாடி மட்டும் மனதில் தங்கவில்லை. நானும் கணவரும் வேலைக்குப் போவதால், மதியம் மகளை அழைத்துவர அவர்தான் இருந்தார்.

பத்து நாள் கூடவே நடந்தேன். "நாலு ரோட்டுல சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க மாமா."

"சோறு திங்கற கை எதுன்னுமா மறந்துட்டேன்?" என்று சிரித்தார்.

ஒரு மாதம் தவறவில்லை.

ஒரு நாள் பால்வாடி ஆயா போன் செய்தார். "ஏனுங்க, தாத்தா இன்னும் வரலீங்க. பாப்பா எங்கிட்டத்தான் இருக்குது."

காலையில் மாத்திரை வாங்க அவரை ஏற்காடு பஸ்ஸில் அனுப்பியது நானேதான். பஸ்ஸை விட்டு இறங்கினால் நாலு ரோட்டுக்கு எதிர்ப்புறமிருந்து வருவார். அங்கிருந்து சோத்தாங்கைப் பக்கம் காப்பி காயவைக்கும் களம். வேறெங்கும் தேடாமல் நேரே போனேன். மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு களத்தில் உட்கார்ந்திருந்தார்.

"பால்வாடிய எங்க கொண்டுபோயிட்டாங்க கண்ணு?"

"அது அங்கயேதானுங்க மாமா இருக்குது. நான்தான் பாதி சொல்லிக் குடுத்திருக்கேன்." எலிக் கதையையும் சொன்னேன்.

"அப்ப என்னைய எலியாக்கிப்புட்ட!"

அந்த வேலையை அவரிடமிருந்து பிடுங்க மனம் வரவில்லை. எங்கே போனாலும் முதலில் வீடு, பால்வாடிக்கு வீட்டு வாசலிலிருந்துதான் கிளம்ப வேண்டும் என்று, இந்த முறை பஸ் நிறுத்தத்திலிருந்து கூடவே நடந்து பழக்கினேன். வீட்டுக்கு வரும் வழி பழையது, அது அவர் நினைவை விட்டுப் போகாது.

போன வாரம் இருவரும் ஒன்றாக பஸ்ஸை விட்டு இறங்கினோம். நாலு ரோட்டிலிருந்து பார்த்தால் பால்வாடி வாசலில் மகள் கையசைப்பது தெரிந்தது.

"இரு சாமி, ஊட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்று கையைக் காட்டிவிட்டு, மாமா நேரே நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.