லக்ஸம்பர்க்கின் பல்லும் நெய்வேலியின் மண்ணும்

காலை ஐந்தே முக்காலுக்குப் புதுச்சேரியை விட்டுக் கிளம்பினோம். எழுபதுகளின் கடைசி, பங்குனி மாதம். வாடகை அம்பாசடர், கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் இருபது காசு. முன்னால் ஓட்டுநர் முருகேசன். பின்னால் நானும், லக்ஸம்பர்க் நாட்டிலிருந்து வந்திருந்த ஷ்மிட்டும். ஷ்மிட் ஓர் உருக்காலையின் ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்ப்பவர்; ஐம்பதைத் தாண்டியவர். ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும்; பிரெஞ்சு சரளம். அதனால் பிரெஞ்சு ஆசிரியையான என்னை நெய்வேலிச் சுரங்கத்தார் இரண்டு நாள் மொழிபெயர்ப்புக்கு அழைத்திருந்தார்கள். இருபது ஆண்டுகளாகப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். அறுபத்தைந்து கிலோமீட்டரில் இருக்கும் நெய்வேலியை அதுவரை பார்த்ததில்லை.

கடலூர் தாண்டி நெல்லிக்குப்பத்தில் கரும்பு வண்டிகள் ஆலை வாசல்வரை வரிசையாக நின்றன. வேகம் குறைந்தது. "உங்க நாடு எவ்ளோ பெருசுன்னு கேளுங்க டீச்சர்" என்றார் முருகேசன். கேட்டேன். பதிலைச் சொன்னதும் அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். "அப்போ நம்ம தென்னாற்காடு ஜில்லாவுக்குள்ள நாலு லக்ஸம்பர்க்கு அடங்குமே!"

இதை ஷ்மிட்டிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்றரை லட்சம் பேர்தான் நாங்கள் என்றார். கடல் கிடையாது. உருக்கு ரயிலேறி பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்துக்குப் போய்க் கப்பலேறுகிறது. உலை எரிக்கும் கரி ஜெர்மனியிலிருந்து வருகிறது. உலை முன் நிற்பவர்களில் பலர் இத்தாலியர்கள், போர்த்துகீசியர்கள். சொந்த இரும்புத்தாதுவும் தீர்ந்துகொண்டு வருகிறது. ஆனாலும் ஐரோப்பாவில் எங்களைவிட நன்றாக வாழ்கிறவர்கள் அதிகம் இல்லை. "செய்வதையெல்லாம் வாங்க எங்கள் நாட்டில் ஆள் போதாது. அதனால் உலகம் முழுவதும் எங்கள் கடைத்தெரு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, தன் ஊரில் சென்ற ஆண்டு ஓர் உலை அணைக்கப்பட்டதையும், அடுத்த உலையில் தன் மைத்துனர் வேலை பார்ப்பதையும் சொன்னார். தன் கைப்பெட்டியை மடியிலேயே வைத்திருந்தார்.

காலை எட்டு மணி. பண்ருட்டியில் இட்லி சாப்பிட்டு, வடக்குத்து வழியாக நெய்வேலிக்குள் நுழைந்தோம். நேர்கோடாகச் சாலைகள், எண் போட்ட பிளாக்குகள், ஒரே அச்சில் வார்த்த குவார்ட்டர்ஸ்கள், ஷிஃப்டுக்கு ஆளேற்றிப் போகும் கம்பெனி பஸ்கள். ஷ்மிட் கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்தபடி வந்தார்.

சுரங்க அலுவலகத்தில் எங்களை வரவேற்ற பொறியாளர் சண்முகநாதன் திருநெல்வேலிக்காரர். அவருக்குப் பக்கத்தில் வெல்டர் கலியபெருமாள் நின்றிருந்தார். வடக்குத்துக்காரர், அப்பா, தாத்தா எல்லோரும் பிறர் நிலத்தில் கூலிவேலை செய்தவர்கள். அவர் இங்கே பர்மனென்ட் ஆகிப் பதினைந்து ஆண்டுகள்.

விவகாரம் இதுதான். நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணைப் பிரம்மாண்டமான ஒரு சக்கரம் சுரண்டி எடுக்கிறது. அதைச் சுற்றி வாளிகள். ஒவ்வொரு வாளியின் விளிம்பிலும் எஃகுப் பற்கள். நெய்வேலியின் மணற்பாறை அந்தப் பற்களைத் தின்றுவிடும். ஷ்மிட்டின் ஆலை சோதனைக்கு அனுப்பிய பற்கள் இருபது ஷிஃப்ட் தாங்கும் என்று சொல்லப்பட்டவை. ஆறே ஷிஃப்டில் மழுங்கிப்போயின.

மேசைமேல் கிடந்த தேய்ந்த பல்லை ஷ்மிட் கையில் எடுத்தார். முகம் சிவந்தது. எங்கள் உருக்கில் குறையில்லை, வேலை தெரியாத கைகள் மாட்டியிருக்கின்றன என்றார்.

நான் தயங்கினேன். "மாட்டுற முறையையும் ஒரு தடவ பாத்துடலாம்னு சொல்றாரு" என்று மாற்றிச் சொன்னேன்.

கலியபெருமாள் என்னைப் பார்த்தார். "டீச்சர், அவரு மூஞ்சிக்கும் நீங்க சொல்றதுக்கும் ஒத்து வரலீங்களே. உள்ளத சொல்லுங்க. நான் கோச்சிக்க மாட்டேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். சண்முகநாதன் நாற்காலியில் நெளிந்தார். கலியபெருமாள் ஷ்மிட்டைப் பார்த்துச் சொன்னார்.

"சரிங்க. அப்போ நாளைக்கு அவரு பல்ல அவரே மாட்டட்டும். அடுத்த வாளியில அதே பல்லு மேல நான் வெல்டிங் போட்டது இருக்கட்டும். ஒரே வீலு, ஒரே மண்ணு. ஒரு ஷிஃப்டு ஓட்டிப் பாப்போம்."

இதை ஒரு சொல் குறையாமல் பிரெஞ்சில் சொன்னேன். ஷ்மிட் உடனே எழுந்து கையை நீட்டினார்.

மறுநாள் காலை ஏழு மணி. சுரங்கத்தின் விளிம்பில் நின்றோம். அடுக்கடுக்காய் வெட்டப்பட்ட பள்ளம். அதன் அடியில் பழுப்பு நிலக்கரி. பராமரிப்புக்காக நிறுத்தியிருந்த சக்கரம் நாலு மாடி உயரம் இருக்கும். ஷ்மிட் கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, இரவல் ஹெல்மெட்டோடு மேடையில் ஏறித் தன் கையாலேயே பற்களை மாட்டினார். கச்சிதமான வேலை. கலியபெருமாளே தலையை ஆட்டினார். "கை தெரிஞ்ச ஆளுதான்."

சக்கரம் சுழலத் தொடங்கியது. பாறையில் பல் படும் சத்தத்தில் யாரோடும் பேச முடியவில்லை. மதியம் வரை ஷ்மிட் நிழலுக்கே போகவில்லை.

இரண்டு மணிக்குச் சங்கு ஊதி, சக்கரம் நின்றது. மேலே போய்ப் பார்த்தோம். ஷ்மிட் மாட்டிய பற்களின் முனை வட்டமாகத் தேய்ந்திருந்தது. கலியபெருமாளின் பற்களில் முனை அப்படியே இருந்தது. ஷ்மிட் சட்டைப்பையிலிருந்து அளவுகோலை எடுத்து ஒவ்வொன்றாய் அளந்தார். இரண்டாவது தடவையும் அளந்தார். பிறகு செம்மண் படிந்த மேடையில் மண்டியிட்டு உட்கார்ந்து, கலியபெருமாளின் பல்லை விரலால் தடவினார். அதன்மேல் வெல்டிங் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாய் ஓடின.

"எப்படி என்று கேளுங்கள்" என்றார். குரலில் முந்தைய நாளின் கடுமை இல்லை.

"மழமழன்னு வெல்டிங் போட்டா மண்ணு வழுக்கிகினு தேச்சிடும். கட்டமா போட்டா மண்ணு குழியில வந்து குந்திக்கும். அப்புறம் மண்ணு மேலதான் மண்ணு தேயும், பல்லுக்கு ஒண்ணும் ஆவாது. நாலு வருசமா பாத்துகினு இருக்கேன்."

நான் சொல்லி முடித்ததும் ஷ்மிட் வாய்விட்டுச் சிரித்தார். கண்கள் கலங்கியிருந்தன. "நேற்று நான் பேசியதற்கு மன்னிக்கச் சொல்லுங்கள். எங்களைப் போன்ற சின்ன நாட்டுக்காரன் வாங்குபவரிடம் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாது. போனால் இன்னோர் உலையும் அணையும். இந்த முறையை எங்களுக்குத் தருவீர்களா?"

சண்முகநாதன் மேலிடத்தில் கேட்டு வர ஜீப்பில் போனார். ஒரு மணி நேரத்தில் திரும்பினார். இங்கே அனுப்பும் பற்களில் இந்தக் கட்டத்தைப் போட்டே அனுப்ப வேண்டும், விலையைக் கூட்டக்கூடாது என்பது நிபந்தனை. ஷ்மிட் சம்மதித்தார். "உனக்கு ஏதாவது சொல்லணுமா?" என்று சண்முகநாதன் கலியபெருமாளிடம் கேட்டார்.

கலியபெருமாள் கையைத் துடைத்துக்கொண்டார். "இத நெய்வேலியில கத்துகினோம்னு அவங்க புக்குல எழுதணும் சார். வேற ஒண்ணும் வேணாம்."

எங்கள் பட்டியலில் எண்கள்தான் உண்டு, பெயர்கள் கிடையாது என்றார் ஷ்மிட். மொழிபெயர்த்தேன். கலியபெருமாளும் நானும் ஷ்மிட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் குறிப்பேட்டைத் திறந்து, கற்ற இடத்தின் பெயரைப் பதிவதாக நான்கு வரி எழுதி, கையெழுத்திட்டு என்னிடம் நீட்டினார். அங்கிருந்த பத்துப் பதினைந்து பேரும் கேட்கும்படி அதைத் தமிழில் உரக்க வாசித்தேன். யாரோ கைதட்டினார்கள். கலியபெருமாள் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

மாலை ஐந்துக்கு விடைபெற்றோம். ஷ்மிட்டின் பெட்டிக்குள் கலியபெருமாளின் பல் ஒன்று துணியில் சுற்றி இருந்தது. வடக்குத்தைத் தாண்டும்போது முருகேசன் வண்டியை மெதுவாக ஓட்டி, "இதான் அவரு ஊருன்னு சொல்லுங்க" என்றார். ஷ்மிட் திரும்பி, வீடுகள் மறையும்வரை பார்த்தார்.

நான்கு மாதம் கழித்து, மொழிபெயர்ப்பதற்காக லக்ஸம்பர்க்கிலிருந்து வந்த புதிய பல்லின் வரைபட நகல் எனக்கு அனுப்பப்பட்டது. என்னிடம் பிரெஞ்சு கற்பவர்களில் பெரும்பாலோர் பாரிசுக்குப் போகிறவர்கள். அங்கிருந்து வருவதைப் படிக்கத்தான் இத்தனை காலம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இங்கிருந்து அங்கே போன ஒன்று அந்த மொழியில் எழுதப்பட்டிருப்பதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். திங்கட்கிழமை வகுப்பில் அதன் தலைப்பைக் கரும்பலகையில் எழுதித் தமிழாக்கச் சொன்னேன். பல், கட்டம், மணற்பாறை என்று ஒவ்வொரு சொல்லுக்கும் மாணவர்கள் அகராதியைப் புரட்டினார்கள். கடைசிச் சொல்லுக்கு யாரும் புரட்டவில்லை. நெய்வேலி என்றே எல்லோரும் எழுதினார்கள்.