மிஸ் ஹெஸ்டர் திறக்காத கதவு

நம்பினால் நம்புங்கள். இதைச் சொல்வதால் எனக்கு நஷ்டம்தான். அமெரிக்காவின் கடலோர ஊரான சார்ல்ஸ்டனில் இருபத்திரண்டு வருடமாக வீடு விற்றுப் பிழைக்கிறவள் நான். 'அந்த வீட்டில் ஏதோ இருக்கிறது' என்று தரகரே வாயைத் திறந்தால் பிழைப்பில் மண்தான். எங்கள் ஊரில் பொழுது சாய்ந்தால் போதும், லாந்தரைத் தூக்கிக்கொண்டு வெளியூர்க்காரர்களைக் கூட்டிப்போய்ப் பேய்க்கதை விற்பவர்கள் தெருவுக்கு நாலு பேர். அத்தனையும் புளுகு. எனக்கு நடந்தது பட்டப்பகலில். அக்டோபர் மாதம், ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு.

வீடு லாவெல் சந்தில் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பழைய வீடுகள் தெருவுக்கு முகம் காட்டாது, பக்கவாட்டில் திரும்பி நிற்கும். தெருக்கதவைத் திறந்தால் நீள வராந்தா. அதில் பாதி தூரம் நடந்தால்தான் வீட்டு வாசல். அந்தத் தெருக்கதவு திறந்திருந்தால் 'இருக்கிறோம், வாருங்கள்' என்று அர்த்தம். சாத்தியிருந்தால் ஒருத்தரும் தட்ட மாட்டார்கள். தட்டினால் வளர்ப்பு சரியில்லை என்பார்கள்.

அந்த வீட்டுக்காரி மிஸ் ஹெஸ்டர் தொண்ணூற்றொரு வயதில் ஜனவரியில் இறந்துபோனாள். நாற்பது வருடமாகத் தெருக்கதவைத் திறந்ததே இல்லை. போக்குவரத்தெல்லாம் பின்பக்க கேட் வழிதான். சிடுமூஞ்சிக் கிழவி, மனிதர்களைப் பிடிக்காது என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம். அட்லாண்டாவில் இருந்த வாரிசுகள் வீட்டை விற்றுத்தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள்.

என் தங்கை ரூத்தீனாவுக்கு அந்த வீட்டின் மேல் பைத்தியம். நாங்கள் பிறந்து வளர்ந்தது அடுத்த தெருவில். வாடகை ஏறி ஏறி, எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக ஊருக்கு வெளியே போய்விட்டார்கள். அவளும் போனாள். திரும்பி வரவேண்டும் என்று நான்கு வருடமாகத் தவம் கிடந்தாள். இந்த வீட்டைப் பார்த்த அன்றே சமையலறைக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று என்னோடு சண்டை போட ஆரம்பித்துவிட்டாள். ஆனால் வாரிசுகள் கறார். ஒரு ஞாயிறு ஊருக்கெல்லாம் திறந்து காட்டு, அப்புறம்தான் யாரிடமும் விலை பேசுவோம் என்றார்கள்.

அதனால் அன்று எனக்கு ஒத்தாசை செய்ய ரூத்தீனாவும் வந்தாள். ஒத்தாசையாவது மண்ணாவது! மாடி அறையில் நின்றுகொண்டு, வருகிறவர்களிடம் கூரை ஒழுகுகிறது, சுவரில் விரிசல் என்று சொல்லி விரட்டுவதுதான் அவள் திட்டம். நானும் கண்டுகொள்ளவில்லை. அவளுக்கு அந்த வீடு கிடைக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான்.

1:55. தெருக்கதவைத் தள்ளினேன். வண்ணம் ஒட்டிப்போய்த் திறக்க மறுத்தது. தோளால் ஒரு இடி இடித்தேன். திறந்தது. சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்தேன்.

எதிர்வீட்டு மாடியில் மிஸ்டர் பிரேலோ உட்கார்ந்திருந்தார். மரத்தச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். கதவு திறந்ததைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"அதைச் சாத்திடுங்க, மிஸ் வெர்டெல். ஜனங்களைப் பின்பக்கமா வரச் சொல்லுங்க."

குப்பைத்தொட்டிப் பக்கமாகக் கூட்டிப்போனால் எவன் வீடு வாங்குவான் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஹெஸ்டர் சாகும்வரை அதைத் திறக்கவில்லை என்று மட்டும் சொன்னார். காரணம் கேட்டேன். தெரியாது என்றார்.

2:10லிருந்து கூட்டம் வந்தது. மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டு, எள் பிஸ்கட்டும் எலுமிச்சைச் சாறும் வைத்து, பெயர் எழுதும் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது பேர் வந்தார்கள். ஒன்பது பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினார்கள். ரூத்தீனா தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தாள்.

அன்று பௌர்ணமியை ஒட்டிய நாள். அந்த நாட்களில் வெயில் கொளுத்தும்போதே கடல் ஏறி, சாக்கடை வழியாகத் தெருவுக்குள் வந்துவிடும். 2:50க்குச் சந்தில் முழங்கால் தண்ணீர். இனி ஒரு ஈ காக்காய் வராது. நான் பிஸ்கட்டைத் தின்ன ஆரம்பித்தேன்.

3:08.

வராந்தாப் பலகை 'கிறீச்' என்றது.

எட்டிப் பார்த்தேன். யாருமில்லை. பழைய மரம், ஈரக்காற்று... சத்தம் போடத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு மாடிப்படியின் முதல் படி முனகியது. இரண்டாவது படி. மூன்றாவது. மேசை மேல் இருந்த நோட்டின் தாள் லேசாகத் தூக்கி அடங்கியது. யாரோ பக்கத்தில் நடந்துபோனால் ஆடுமே, அப்படி.

3:14. மேலிருந்து ரூத்தீனாவின் குரல் கேட்டது.

"அக்கா, கொஞ்சம் நிறுத்தி அனுப்பு. இத்தனை பேரை ஒரேயடியா ஏத்தினா நான் என்ன பண்றது?"

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இருபது நிமிடமாக யாரையும் அனுப்பவில்லையே என்றேன்.



தெருவைப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தவர்களின் கால் ஈரம் வராந்தாவில் இருக்க வேண்டுமே... பலகை காய்ந்து கிடந்தது.

படிகள் முனகிக்கொண்டே இருந்தன. கீழிருந்து மேலே. நிற்கவே இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக... வரிசையாக...



"அக்கா..." இந்த முறை குரல் சன்னமாக வந்தது. "நகர இடமில்லக்கா. மூச்சு முட்டுது."

ஓடினேன். படியில் கால் வைத்ததும் தோளில் ஒரு இடி. பின்னாலிருந்து இன்னொன்று. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பழைய கம்பளித் துணியின் வீச்சம் மட்டும் மூக்கில் ஏறியது. கைப்பிடியை இறுகப் பிடித்து ஏறினேன்.

அறை வாசலில் நின்று பார்த்தேன்.

காலி அறை. ஒரு நாற்காலிகூட இல்லை. ஜன்னல் வழியாக வெயில் தரையில் விழுந்திருந்தது.

தெருப் பக்கத்து ஜன்னல் மூலையில் ரூத்தீனா நின்றாள். இரண்டு கையையும் மார்போடு மடக்கிக்கொண்டு, ஒரு கன்னம் கண்ணாடியில் அழுந்த நின்றாள். கூட்டம் நெரியும் பஸ்ஸில் நிற்பார்களே, அப்படி. அவளுடைய மஞ்சள் சட்டையின் தோள் உள்பக்கமாக அமுங்கியிருந்தது. அதை அமுக்கிக்கொண்டு அங்கே எதுவும் இல்லை.

எனக்கும் அவளுக்கும் நடுவே பன்னிரண்டு அடி வெறுந்தரை. ஓரடி எடுத்துவைக்க முடியவில்லை. எங்கு காலை வைத்தாலும் உடம்பு... உடம்பு... உடம்பு.

அவள் உதடு நீலம் பூத்துக்கொண்டிருந்தது. என் கண்ணெதிரே என் தங்கை சாகிறாள் என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில் வேறொன்றும் தோன்றவில்லை. இருபத்திரண்டு வருடப் பழக்கம்தான் வாயில் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

"வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க. நேரமாயிடுச்சு. எல்லாரும் கிளம்பணும்."



மொத்த அறையும் என் பக்கம் திரும்பியது.

எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தெரிந்தது.

என்மேல் வந்து மோதினார்கள். நெஞ்சு நசுங்கியது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கையை முன்னால் நீட்டி, "ரூத்தீனா! கையைக் குடு!" என்று கத்தினேன்.

ஒரு கை என் கையைப் பற்றியது.

சில்லிட்ட கை. பயத்தில் யாருக்கும் சில்லிடும்தானே...

விடவில்லை. இழுத்தேன். கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. படி... படி... படி... வராந்தா. கண்ணைத் திறக்கவே இல்லை.

காலில் தண்ணீர் பட்டது. தெரு.

கண்ணைத் திறந்தேன். பக்கத்தில் ரூத்தீனா நின்றாள். மஞ்சள் சட்டை. உயிரோடு. கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அவள் அழவில்லை. உதட்டில் நிறம் திரும்பியிருந்தது.

செங்கல்லை எட்டி உதைத்தேன். தெருக்கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினேன். மணி 3:31. மிஸ்டர் பிரேலோ மாடியில் இல்லை, தண்ணீர் ஏறுகிறதென்று பின்பக்கம் காரை நகர்த்தப் போயிருந்தார்.

ரூத்தீனாவை என் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனேன். போனை அணைத்துத் தூக்கிப் போட்டேன். தக்காளி போட்ட சிவப்புச் சோறு ஆக்கி, இறால் பொரித்துக் கொடுத்தேன். தட்டைக் காலி செய்தாள். என்ன கண்டாய் என்று கேட்டேன். ஞாபகமில்லை என்றாள். அதுவும் நல்லதுதான் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை 7:15க்குப் போனை உயிர்ப்பித்தேன். ஒரு குரல் பதிவு காத்திருந்தது. மிஸ்டர் பிரேலோ. முந்தைய நாள் மாலை 5:50.

"மிஸ் வெர்டெல், உங்க தங்கச்சியை உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போயிட்டீங்க போல. மாடி ஜன்னல்ல நிக்குது புள்ள. கண்ணாடியத் தட்டிக்கிட்டே இருக்கு. சீக்கிரம் வாங்க."

5:50. அந்த நேரத்தில் ரூத்தீனா என் சமையலறையில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தாள்.

உடனே அவரைக் கூப்பிட்டேன். நிச்சயமாக ரூத்தீனாதானா என்று கேட்டேன். அவளைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா என்றார். மஞ்சள் சட்டை. இருட்டும்வரை தட்டினாளாம். வாய் அசைந்ததாம், 'அக்கா, அக்கா' என்று. அப்புறம் அவள் பின்னால் இருட்டாக என்னவோ நெருங்கி நெருங்கி வந்து, கண்ணாடியே தெரியாமல் போய்விட்டதாம்.

ஏன் போய்ப் பார்க்கவில்லை என்று கத்தினேன். என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

 மெதுவாகச் சொன்னார்.

"வாசல் வரைக்கும் போனேம்மா. தெருக்கதவு சாத்தியிருந்துச்சு. சாத்தின கதவை எப்படித் தட்டுறது?"

போனை வைத்தேன். சமையலறையில் குழாய்ச் சத்தம் கேட்டது. ரூத்தீனா தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

சமையலறை வாசலிலேயே நின்றேன்.  கடைசியில், லாவெல் சந்து வீட்டுக்கு இன்று விலை பேசட்டுமா என்று கேட்டேன்.

அவள் குழாயை மூடினாள். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

எந்த வீடு என்று கேட்டாள்.