பிரிச்சுப் போட்ட கலியாணம்

போன செவ்வாய்க்கிழமை இலுப்பைக்கடவையிலிருந்து மகேஸ் தங்கச்சி கோல் எடுத்தார்.

"அண்ணை, வீடு முடிஞ்சுது. கரண்டும் வந்திட்டுது. ரீவி ஒண்டும் வாங்கியாச்சு. சனிக்கிழமை பிள்ளையோட வாறன். அந்தக் கலியாண வீடியோவைத் தாறீங்களோ?"

"ஓம் ஓம், வாங்கோ" என்றேன். எவ்வளவு கம்பீரமாகச் சொன்னேன் தெரியுமா? போனை வைத்த கையோடு கொம்பியூட்டரிடம் ஓடினேன்.

இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவரும் பழைய படங்களையும் வீடியோக்களையும் கொம்பியூட்டரில் ஏற்றிக் கொடுப்பது என் பொழுதுபோக்கு என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஸ்டூடியோ என்று பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளிமுனையில் எங்கள் வீட்டு முன்னறை. ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு பழைய வீடியோ டெக்... அவ்வளவுதான்.

இரண்டு வருடங்களுக்கு முன் மகேஸ் தன் கலியாணக் கசெற்றைக் கொண்டுவந்தார். முழுக்கப் பூஞ்சணம். ஒரேயொரு தடவைதான் ஓடியது. நல்ல காலம், அந்தத் தடவையில் கொம்பியூட்டரில் ஏற்றிவிட்டேன். திருப்பிச் சுற்றும்போது நாடா அறுந்து, டெக்குக்குள் சிக்கி, நாராகிவிட்டது. ஆக, அந்தக் கலியாணம் இந்த உலகத்தில் இருப்பது என் கொம்பியூட்டரில் மட்டும்.

சி.டி. அடித்துத் தருகிறேன் என்றேன். மகேஸ் வாங்கவில்லை. "நாங்கள் இருக்கிறது தறப்பாள் கொட்டிலுக்குள்ள அண்ணை. மழை வந்தா நாங்களே நனையிறம். உங்களிட்டையே பத்திரமா இருக்கட்டும்."

அந்த வீடியோவின் மாப்பிள்ளை, மகேஸின் கணவர், இப்போது இல்லை. மகள் பிறந்து எட்டாம் மாதம், இடம்பெயர்ந்திருந்த இடத்தில் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளைக்கு இப்போது பன்னிரண்டு வயது. அப்பாவைப் படத்தில் பார்த்திருக்கிறாள். குரலைக் கேட்டதில்லை.

சரி, ஏன் அப்படி ஓடினேன்? அந்தக் கொம்பியூட்டர் ஒரு மாதமாக ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய், ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் பாதிப் படம் வந்திருக்கும். நானும் சும்மா இருக்கவில்லை. வைரஸ் தேடினேன் — இல்லை. தேவையில்லாத பைல்களை அழித்தேன். ரேம் வாங்கிப் போட்டேன். ம்ஹும்!

"அதுக்கும் வயசு போகுதாக்கும்" என்றார் மனைவி, என்னைப் பார்த்துக்கொண்டே.

அடுத்த நாள் காலையே ரூபனைக் கூப்பிட்டு, கலியாண வீடியோ விஷயத்தைச் சொன்னேன். வங்காலைக்காரர். கொம்பியூட்டர் திருத்துவதில் கெட்டிக்காரர், பேச்சுத்தான் குறைவு. வந்து கதிரையில் இருந்தார்.

"எத்தனை டிஸ்க் அண்ணை?"

"ரெண்டு. பாதுகாப்புக்கு."

"ரெண்டிலயும் ஒரே சாமானோ, இல்லாட்டிப் பாதி பாதியோ?"

இங்கேதான் நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "பாதி பாதி. நான்தான் கடையில சொல்லிச் செய்விச்சனான். ரெண்டிலயும் பிரிச்சுப் போடச் சொல்லி."

ரூபன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

பிரிச்சுப் போடுவது என்றால் என்னவென்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா? ஓடுகிற காலத்தில் எல்லாவற்றையும் ஒரே பையில் வைப்போமா? பிறப்புச் சான்றிதழ்கள் ஒரு பையில், அவற்றின் போட்டோக்கொப்பி மற்றப் பையில். நகை பாதி மனைவியிடம், பாதி என்னிடம். ஒரு பை போனாலும் மற்றது மிஞ்சும். அந்தப் பழக்கத்தில்தான் கொம்பியூட்டர் வாங்கும்போது, "தம்பி, ரெண்டு டிஸ்க்கிலயும் பிரிச்சுப் போடும்" என்று அழுத்திச் சொன்னேன். அவரும் பாவம், சொன்னதைச் சொன்னபடியே செய்திருக்கிறார்.

"அண்ணை, இது நீங்கள் நினைக்கிற மாதிரியில்லை" என்றார் ரூபன். "ஒவ்வொரு படத்தையும் துண்டு துண்டா வெட்டி, ஒரு துண்டை இதில, மற்றத் துண்டை அதில எழுதும். ரெண்டும் ஒரே நேரத்தில வேலை செய்யிறதால வேகம் கூட. ஆனா ஒண்டு செத்தா, மற்றதில இருக்கிற பாதியால பிரயோசனமில்லை."

"கொஞ்சமும்?"

"கொஞ்சமும்."

அதாவது... ஒரு பை தொலைந்தால் மற்றப் பையும் சேர்ந்து தொலையும்! பாதுகாப்பு என்று நினைத்து ஆபத்தை இரட்டிப்பாக்கி வைத்திருந்திருக்கிறேன். உண்மையாகவே பயந்துபோனேன். சனிக்கிழமை மகேஸின் முகத்தில் எப்படி முழிப்பது? அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்வது?

"அப்ப ஏன் இப்பிடி ஊருது?"

"ரெண்டில ஒண்டு இழுபடுது. மற்றது எவ்வளவு ஓடினாலும் இதுக்காகக் காத்துக்கொண்டு நிக்கத்தானே வேணும். டிஸ்க் சாகப் போகுதோ, வேற என்னவோ... தெரியாது. முதல்ல அந்தக் கலியாணத்தை வெளியில எடுப்பம். வைத்தியம் பிறகு."

தன்னுடைய டிஸ்க் ஒன்றைச் செருகி, கொப்பி பண்ணக் கொடுத்தார். ஆறு மணித்தியாலம் என்று காட்டியது. பிறகு ஒன்பது என்றது. பிறகு நாலு என்றது. அதற்கே தெரியவில்லை! கரண்ட் போகக் கூடாது என்று அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தேன். வீட்டில் ஒருவரும் ஃபேன் போடக் கூடாது, அயன் பண்ணக் கூடாது என்று சட்டம் போட்டேன். மத்தியானச் சோற்றைக் கோப்பையோடு கொண்டுவந்து அதன் முன்னால் இருந்துதான் சாப்பிட்டேன்.

மூன்று மணி போல் முடிந்தது. ரூபன் கொப்பியை ஓடவிட்டுப் பார்த்தார். நாதஸ்வரக்காரர் அசைந்தார். பொம்பிளை அசைந்தார். எனக்கும் மூச்சு வந்தது.

பிறகுதான் வைத்தியம். டிஸ்க்குகள் தாங்களே எழுதி வைக்கும் உடல்நலக் குறிப்பைத் திறந்து பார்த்தார். இரண்டிலும் பழுதான இடம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றில், போய் வரும் தகவல் பிழையாகிப்போன தடவைகள் எக்கச்சக்கம். கொம்பியூட்டரை நிற்பாட்டி, அந்த டிஸ்க்கின் வயரைக் கழற்றி என்னிடம் நீட்டினார். நுனி துருவேறி, பச்சையாகக் கறள். என் மேசை ஜன்னலோரம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கடல். சூடாகாமல் இருக்கட்டும் என்று பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்து, உப்புக்காற்றுக்கு வழிவிட்ட புண்ணியவானும் நான்தான்.

"டிஸ்க் நல்ல சுகம் அண்ணை. வயர்தான். பிழை வர வர, விண்டோஸ் பயந்து அந்த டிஸ்க்கின்ர வேகத்தைக் குறைச்சுப்போட்டுது. ஒருக்காக் குறைச்சா, நாங்கள் சொல்லும்வரைக்கும் கூட்டாது."

இதைக் கேட்டபோது எனக்கு அந்த மெஷின்மேல் பாசமே வந்துவிட்டது. நாங்கள் மட்டும் என்னவாம்? வீதித் தடையை எடுத்து எவ்வளவு காலம்? இன்றைக்கும் அந்த இடம் வந்தால் என் மோட்டார் சைக்கிள் தானாக மெதுவாகிறது. கை சட்டைப் பையில் அடையாள அட்டையைத் தேடுகிறது. போகலாம் என்று எங்களுக்கு யார் சொல்வது?

புது வயர் போட்டு, வேகத்தைப் பழையபடி மாற்றிவிட்டார். படங்கள் தொட்டவுடன் திறந்தன. நான் சத்தமாகச் சிரித்தேன். ரூபன்கூடச் சிரித்தார் என்றால் பாருங்கள்!

சனிக்கிழமை மகேஸும் மகளும் வந்தார்கள். வீடியோவைப் போட்டேன். தொடக்கத்திலிருந்தே சினிமாப் பாட்டு. அந்தக் காலக் கலியாண வீடியோக்கள் எல்லாம் அப்படித்தானே? வாய்கள் அசைகின்றன, ஒருவர் குரலும் கேட்கவில்லை. பிள்ளை கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கோ அந்தரமாக இருந்தது.

"பொறுங்கோ, கடைசியில ஒரு இடம் இருக்கு" என்றார் மகேஸ்.

பந்தி. பாட்டு முடிந்துவிட்டது, அடுத்த பாட்டைப் போட மறந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை கமராவைத் திரும்பிப் பார்க்கிறார். "எடுத்தது காணும் அண்ணை, கமராவை வைச்சிட்டு வந்து சாப்பிடுங்கோ. சோறு ஆறுது."

பிள்ளை தாயைப் பார்த்தாள். "அப்பாவின்ர குரலோ இது? என்னம்மா, இப்பிடிக் கீச்செண்டு இருக்கு!"

மகேஸுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஓம் பிள்ளை, அவருக்கு அப்பிடித்தான். அதாலதான் பாட்டைப் போட்டவங்களோ தெரியாது."

"திரும்பப் போடுங்கோ மாமா" என்றாள் பிள்ளை. போட்டேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

இப்போது அந்தக் கலியாணம் இலுப்பைக்கடவையில் மகேஸிடம், வங்காலையில் ரூபனிடம், பள்ளிமுனையில் என்னிடம் என்று மூன்று வீடுகளில் இருக்கிறது — மூன்றிலும் முழுசாக, கீச்சுக் குரலோடு.