பாதி மரமும் முழு மரமும்

2006 பெப்ரவரி 11, சனிக்கிழமை, காலை பத்தேகால். மைனஸ் பதினெட்டு, பனி இல்லை, காற்று மட்டும். மாதா சுருவத்தை வாங்கிவர, நகரத்துக்கு வெளியே புரோசார்டில் என் மனைவியின் தம்பி வீட்டு வாசலில் நின்றேன். சுற்றுவதற்கு அவளுடைய பழைய சேலை கையில் இருந்தது.

எங்கள் கோயில் பங்கில் அந்தச் சுருவம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிழமை தங்கும். செபமாலை சொல்லி, சனிக்கிழமை அடுத்த வீட்டுக்கு அனுப்புவார்கள். கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. ஒரு முழ உயர மரச்சிலை. மன்னாரிலிருந்து என் மனைவி மடியில் வைத்துக் கொண்டுவந்தது. அவள் இறந்து நான்கு வருடம்.

"உள்ளுக்கு வாங்கோ அத்தான். கோவிக்கக் கூடாது."

ஆறு மாதமாக அவன் வேறொரு செபக்கூட்டத்துக்குப் போவது எனக்குத் தெரியும். கணப்படுப்பைக் காட்டினான். சாம்பல்.

"வேதத்திலை தீர்க்கதரிசி சொன்னது உங்களுக்குத் தெரியாதே? மரத்தைத் தறிச்சு, பாதியை எரிச்சுக் குளிர்காயிறான். மிச்சத்தைச் செதுக்கிக் கும்பிடுறான்."

"தெரியும். இருபத்தாறு வருசம் மறைக்கல்வி படிப்பிச்சனான். அவன் பாதியைத்தானே எரிச்சவன். நீ முழுசையும் எரிச்சுக் குளிர்காய்ஞ்சிருக்கிறாய்."

"பகிடி விடாதேங்கோ."

"கொக்காவின்ரை மடியிலை வந்தது."

நிலத்தைப் பார்த்தான். "கேட்டா விட்டிருக்க மாட்டியள். அதுதான் கேக்கேல்லை."

அந்த வாசகத்தைச் சொல்லி வகுப்பையே சிரிக்க வைத்தவன் நான். தன் தெய்வத்தைத் தானே சுமந்து திரிகிறவனை நினைத்துச் சிரித்தோம். தீர்க்கதரிசி சொன்னதில் பிழையில்லை. மரத்தால் தன்னை எரித்த நெருப்பையே அணைக்க முடியவில்லை. ஆனால் அவள் தினமும் தொட்டுத் தொட்டு அதன் பாதத்தில் வண்ணம் போயிருந்தது. வேண்டாமென்றால் என்னிடம் தந்திருக்கலாம். அலுமாரிக்குள் வைத்திருப்பேன், ஒருவரும் கும்பிட்டிருக்க மாட்டார்கள்.

உண்மையைச் சொன்னால் அவள் தம்பியை ஒரு வீட்டிலும் ஏற்றமாட்டார்கள். டாக்சி பிடித்துக் கடைக்குப் போய், அதே உயரத்தில் ஒரு சாந்துச் சுருவம் வாங்கினேன். சேலையில் சுற்றி, நகரத்துக்குள் கோட்-டெ-நெய்ஜில் தங்கள் முறைக்குக் காத்திருந்த குடும்பத்திடம் கொடுத்தேன். அந்த வீட்டுப் பெண் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள்.

"எங்கடை மன்னார் மாதா, என்ன அண்ணை?"

"ஓம்" என்றேன். பாதத்து வண்ணம் புதிதாக இருந்ததை அவள் பார்க்கவில்லை.

சுருவம் வரியோடு நூற்று முப்பத்தெட்டு, டாக்சி நாற்பத்தொன்று. மொத்தம் நூற்று எழுபத்தொன்பது டொலர்.