ஸ்வானெக் கரைப்பாதை

இது நடந்தது. கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், எனக்கொன்றும் வருத்தமில்லை. யோரிஸ் என் பக்கத்து வீட்டுக்காரன். சாமியும் கிடையாது, பேயும் கிடையாது என்று பேசித் திரிந்த ஆள். அவன் இதை என்னிடம் சொன்ன அன்று காபிக் கோப்பையைக் கீழே வைக்கவே மறந்துவிட்டான். காபி ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. நான் பதினெட்டு வருஷமாக இந்த லாண்டர்வேனில் குடியிருக்கிறேன். அந்தக் கரைப்பாதையில் நானும் சைக்கிள் மிதித்தவன்தான். இப்போது மிதிப்பதில்லை.

யோரிஸுக்கு வேலை, ஊருக்கு வெளியே கண்ணாடிக் கூடாரத்தில் துலிப் வளர்ப்பது. உயிர் இருந்ததென்னவோ மேப்பில். கம்ப்யூட்டரில் படை திரட்டிச் சண்டை போடுகிற விளையாட்டு இருக்கிறதல்லவா, அதற்கு ரசிகர்களே சொந்தமாகப் போர்க்களம் வரைந்து கொடுப்பார்கள்; அதற்குப் பெயர்தான் மேப். நிஜமாக நடந்த போர், நிஜமான ஆறு, நிஜமான கோட்டை. வருஷா வருஷம் குளிர்காலத்தில் நாட்டிலுள்ள விளையாட்டுக்காரர்கள் கூடி ஒரே ஒரு மேப்பைப் பொறுக்குவார்கள். அடுத்த வருஷப் போட்டி முழுக்க அதில்தான் நடக்கும். யோரிஸ் ஆறு வருஷமாக அனுப்பிப் பார்த்தான். ஒருவரும் சீந்தவில்லை. ஏழாவது வருஷம் படத்தைப் பார்த்தே கடைசி மூன்றில் அவன் மேப்பைச் சேர்த்துவிட்டார்கள்; இனி நடுவர்கள் அதில் ஆடிப் பார்த்து முடிவு சொல்வார்கள். மனிதன் தரையில் நடக்கவில்லை.

அவன் வரைந்தது நம் ஊரையேதான். நானூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஸ்பெயின்காரர்கள் லாண்டர்வேனை வளைத்துக்கொண்டார்கள். உள்ளே பட்டினி. கடைசியில் நம்மவர்களே கடலைத் தடுத்து நின்ற மண்கரையை உடைத்து, வயல்வெளியில் தண்ணீரை விட்டு எதிரியைத் துரத்தினார்கள். தண்ணீர் வந்த வழியில் ஸ்வானெக் என்று ஒரு குக்கிராமம் இருந்தது. அதோடு போயிற்று; ஜனங்கள் மட்டும் தப்பி ஊருக்குள் வந்துவிட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள். கிராமத்திலிருந்து ஊருக்கு ஓர் ஒற்றையடிக் கரைப்பாதை. அது மட்டும் இன்றும் இருக்கிறது, சைக்கிள் பாதையாக.

பழைய வரைபடமெல்லாம் தேடிக் கொடுத்தவர் மரைக்கே அம்மாள். ஓய்வுபெற்ற டீச்சர். ஊர் வரலாற்றுச் சங்கமே அவர்தான். ஊரின் பழைய குடும்பம். கொடுக்கும்போது ஒன்றே ஒன்று கேட்டார்.

"யோரிஸ், உன் விளையாட்டுல என்ன வேணா மாத்திக்கோப்பா. அந்தப் பாதையை மட்டும் மூடிடாதே. ஸ்வானெக் ஜனங்க அது வழியா ஊருக்கு வந்து சேரணும்."

"ஐயோ, மூடுவேனா மேடம்? சத்தியமா மூட மாட்டேன்."

சொன்னபடி செய்தான். ஸ்வானெக்கில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் ஜனங்களை வைத்தான். இந்த விளையாட்டில் சாம்பல் நிறம் என்றால் யாருக்கும் சொந்தமில்லாதவர்கள். தண்ணீர் வந்ததும் அவர்கள் பாதையில் ஓடி ஊருக்குள் வந்துவிட வேண்டும். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் ஆட்டத்துக்கு மேப் சரிப்பட்டு வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானங்களில் அவன் நண்பன் பார்ட்டின் சைக்கிள் கடை மாடியில் நாலைந்து பேர் கூடி விளையாடிப் பார்ப்பார்கள். பார்ட் ஸ்பெயின் பக்கம் உட்கார்ந்தான். அந்தக் கரைப்பாதை வழியாகவே படையைக் கால் நனையாமல் ஊருக்குள் கொண்டுவந்துவிட்டான். மறுபடியும் ஆடினார்கள். மறுபடியும் அதே கதை.

"டேய், இது போரா, பொண்ணு பாக்கப் போற ஊர்வலமா?" என்று பார்ட் சிரித்தான். "என் ஆளுங்க பாட்டுப் பாடிக்கிட்டே உள்ள வரானுங்க. நடுவர்ங்க அஞ்சு நிமிஷத்துல தூக்கிப் போட்ருவாங்க. பாதையை மூடு."

"மூட முடியாதுடா. வாக்குக் குடுத்துட்டேன்."

"யாருக்கு? அந்த டீச்சரம்மாவுக்கா? அவங்க வந்து ஆடப்போறாங்களா? படத்தைப் பாப்பாங்க, அவ்ளோதான்."

படத்தைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அந்த வார்த்தை யோரிஸின் மனசில் ஒட்டிக்கொண்டது. மேப் போடுகிறவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. கண்ணுக்குத் தெரியாத சுவர். படத்தில் பாதை பாதையாகவே இருக்கும், புல் இருக்கும், கல் இருக்கும். ஆனால் எந்த ஆளும் அதைத் தாண்ட முடியாது. யோரிஸ் பாதையின் குறுக்கே ஒரு சுவரை வைத்தான். அதன் படத்தை மரைக்கே அம்மாளுக்கும் அனுப்பினான். அந்த அம்மாள் அதை அச்சடித்து சங்கத்துச் சுவரில் ஒட்டி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினாராம். அதைக் கேட்டும் யோரிஸ் சுவரை எடுக்கவில்லை.

மறுபடி ஆடிப் பார்த்தார்கள். ஆட்டம் சரிசமமாக, அருமையாகப் போயிற்று. கரை உடைந்தது. தண்ணீர் வந்தது. சாம்பல் ஜனங்கள் பாதையில் ஓடினார்கள். நடுவழியில் நின்றார்கள். முன்னால் ஒன்றுமேயில்லை, வெறும் பாதை. ஆனாலும் போக முடியவில்லை. ஒருவர்மேல் ஒருவர் நெருக்கியடித்து... தண்ணீர் ஏறி... ஒவ்வொருவராக மறைந்தார்கள்.

தட்... தட்... தட்...

ஸ்பீக்கரில் சத்தம். மரத்தில் குத்துவதுபோல.

"சத்தம் பிரமாதம்டா. எப்ப சேத்த?" என்றான் பார்ட்.

யோரிஸ் அப்படி ஒரு சத்தத்தைச் சேர்க்கவேயில்லை. வீட்டுக்குப் போய் மேப்பில் இருந்த ஒவ்வொரு ஒலியையும் போட்டுக் கேட்டான். இடி இருந்தது, பீரங்கி இருந்தது, வாத்துகூட இருந்தது. அது இல்லை.

ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு, மேப்பை அப்படியே நடுவர்களுக்கு அனுப்பிவிட்டான்.

மறு வியாழக்கிழமை. நவம்பர் மாதம், நாலரைக்கெல்லாம் வெளிச்சம் போய்விடும். வேலை முடிந்து எப்போதும்போல் கரைப்பாதையில் வந்துகொண்டிருந்தான். வயலில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஊருக்குப் பக்கத்தில், வயல் தண்ணீரை இறைக்கிற பம்பு வீடு ஒன்று உண்டு, அதைத் தாண்டினால் கடைத்தெரு. கடைத்தெரு விளக்குகள் தெளிவாகத் தெரிந்தன. யாரோ ஒரு பெண்மணி நாயோடு போவதுகூடத் தெரிந்தது.

பம்பு வீட்டருகே சைக்கிள் நின்றது.

மோதவில்லை. சக்கரம் மெத்தென்று எதிலோ அமுங்கி, அப்படியே நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தான். கல் இல்லை, கிளை இல்லை. தள்ளினான். நகரவில்லை. கையை முன்னால் நீட்டினான்.

கை நின்றது.

வெறும் காற்று. அதற்கு அப்பால் விளக்குகள். ஆனால் கை போகவில்லை. இரண்டு கையாலும் தடவினான். இடது பக்கம் அப்படித்தான். வலது பக்கமும் அப்படித்தான். யோரிஸுக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததுதான் கொடுமை. இந்த உலகத்தில் இது என்னவென்று தெரிந்த ஒரே ஆள் அவன்தானே.

திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தான்.

அப்போது பின்னால் கேட்டது. மரச்செருப்புச் சத்தம். ஒரு ஜோடி இல்லை... பல.

டொக்... டொக்... டொக்...

திரும்பிப் பார்க்கக் கழுத்து வளையவில்லை.

காலில் ஜில்லென்றது. குனிந்து பார்த்தான். பாதை தெரியவில்லை. தண்ணீர்.

முதுகில் ஏதோ பட்டது. ஈரம். ஒரு தோள். அப்புறம் இன்னொரு தோள். கத்தல் இல்லை, அழுகை இல்லை. மூச்சு மட்டும். காதுக்குப் பக்கத்தில் மூச்சு. நெருக்கினார்கள்... இன்னும் நெருக்கினார்கள்... அவன் முகம் அந்தக் காற்றில் அழுந்தியது.

"வழி விடுங்க!" என்று கத்தினான். நாயோடு போன பெண்மணி திரும்பவில்லை.

தட். தட். தட்.

அவன்தான் தட்டிக்கொண்டிருந்தான்.

தண்ணீர் தொடைக்கு வந்தது.

அவன் ஜாக்கெட் பைக்குள் ஒரு சின்னக் கை நுழைந்தது. குழந்தைக் கை. நனைந்து, விறைத்து... பையின் உள்துணியை இறுகப் பற்றிக்கொண்டது.

"எடுத்துடறேன்!" யோரிஸ் அலறினான். "சுவரை எடுத்துடறேன்! நான் பண்ணது தப்பு! ஐயோ, எடுத்துடறேன்!"

முன்பக்கமிருந்து ஒரு உள்ளங்கை அவன் நெஞ்சில் அழுந்தியது. பின்னால் தள்ளியது.

அப்புறம்... கையும் இல்லை, முன்னால் இருந்த தடுப்பும் இல்லை.

குப்புற விழுந்தான். பம்பு வீட்டுக்கு அந்தப் பக்கம், ஊர்ப் பக்கமாகக் கிடந்தான். பாதை காய்ந்திருந்தது. பேன்ட் தொடைவரை நனைந்திருந்தது. ஜாக்கெட் பையின் உள்துணியைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. கடிகாரத்தில் மணி ஐந்தரை. அவன் அந்த இடத்துக்கு வந்தது நாலே முக்காலுக்கு.

வீட்டுக்கு ஓடினான். உடை மாற்றவில்லை. நாற்காலியில் தண்ணீர் வடிய வடிய உட்கார்ந்து மேப்பைத் திறந்து, சுவரை எடுத்தான். ஓடவிட்டுப் பார்த்தான். கரை உடைந்தது. சாம்பல் ஜனங்கள் ஓடி வந்தார்கள்... வந்தார்கள்... ஊருக்குள் வந்து சேர்ந்தார்கள். யோரிஸ் குழந்தைபோல் அழுதான். அந்த மேப்பை நடுவர்களுக்கு அனுப்பி, பழையதைக் குப்பையில் போடச் சொன்னான்.

மறுநாளே பார்ட் போன் செய்தான்.

"உனக்கு மூளை கெட்டுப்போச்சாடா? முதல் ஆட்டத்துலயே தூக்கிட்டாங்க. ஆறு வருஷம்டா! ஆறு வருஷம்!"

"தெரியும்."

"ஏன்டா அப்படிப் பண்ண?"

"அவங்க நனையறாங்கடா" என்றான் யோரிஸ். பார்ட் போனை வைத்துவிட்டான்.

போட்டி போன வருத்தம்கூட அவனுக்கு அவ்வளவாக இல்லை. மரைக்கே அம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அரித்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை போனான். அம்மாள் காபியும் ஒரு பிஸ்கட்டும் வைத்தார். யோரிஸ் பிஸ்கட்டைத் தொடாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். சத்தியத்தை மீறியது, பொய்ப் படம் அனுப்பியது, பம்பு வீடு, தண்ணீர், குழந்தைக் கை... எல்லாம்.

"என்னை மன்னிச்சிடுங்க மேடம். தப்பிச்சுப் போனவங்களை என் பேராசைக்காக முங்க வெச்சுட்டேன்."

அம்மாள் திட்டவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

"எந்த இடத்துல நின்னுது சைக்கிள்?"

"பம்பு வீட்டுப் பக்கத்துல."

"உன் மேப்ல சுவரை அங்கயா வெச்ச?"

யோரிஸுக்கு அப்போதுதான் உறைத்தது. இல்லை. அவன் வைத்தது பாதையின் நடுவில், ஸ்வானெக் பக்கமாக.

"ஊர்க் கதவு அங்கதான் இருந்துச்சு, யோரிஸ்" என்றார் அம்மாள். "அவங்க யாரும் தப்பிக்கலப்பா. பள்ளிக்கூடத்துல நான் முப்பது வருஷம் பசங்களுக்குத் தப்பிச்சாங்கன்னு சொல்லிக் குடுத்தேன். பழைய குடும்பம் எல்லாத்துக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. ஜனங்க கதவு வரைக்கும் வந்தாங்க. அவங்களோட கலந்து ஸ்பெயின்காரன் உள்ள பூந்துடுவானோன்னு ஊர்க்காரங்களுக்குப் பயம். திறக்கல."

"அப்ப ஏன்... பாதையை மூடாதேன்னு..."

"விளையாட்டுலயாவது வந்து சேரட்டுமேன்னுதான்" என்று சொல்லி அந்த அம்மாள் அழத் தொடங்கினார். "கதவு புதுசுப்பா. தாழ்ப்பாள்கூட இன்னும் பொருத்தல. ராத்திரி முழுக்க, வெளிய தட்டுற சத்தம் நிக்கிற வரைக்கும், உள்ள இருந்து கையாலயே அழுத்திப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. எங்க வீட்டு ஆளுங்களும் நின்னாங்க."

யோரிஸ் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பின்னால் நெருக்கியவர்கள் எல்லாரும் ஈரமாக, ஐஸ்போல் குளிர்ந்திருந்தார்கள். முன்னாலிருந்து தள்ளிய அந்த ஒரு கை மட்டும் காய்ந்து, வெதுவெதுப்பாக இருந்தது.